சிவப்பில் இருக்க வேண்டிய எழுத்து

அன்று அது ஐந்தாவது விமானம். அவளுக்கு முழங்கால்கள் கழன்றுவிடும்போல் வலித்தன. பாதுகாப்பு ஆய்வாளர் என்றால் மிடுக்கான உத்தியோகம் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாதி நாள் இருக்கைகளுக்கு நடுவே தவழ்வதுதான் அந்த உத்தியோகம். நாலு பேர் உட்காரும் இந்தச் சின்ன விமானம் அவளுடைய அக்கா கணவருடையது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். ஆள் இல்லை என்று மேலதிகாரி கையை விரித்துவிட்டார்.

முன் இருக்கைகளுக்கு நடுவே தரையில் எரிபொருள் வால்வின் கைப்பிடி. இடது டேங்க், வலது டேங்க், மூடு என்று மூன்று நிலைகள். எழுத்துகள் தேய்ந்து மொழுக்கென்று இருந்தன. மாமா அதன்மேல் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தார், அதுவும் கலைந்துவிட்டது. எழுத்து அழியக் கூடாது, மூடும் நிலை சிவப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. சரிசெய்யும்வரை பறக்கக் கூடாது என்று எழுதினாள்.

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவனுக்கு ஸ்டிக்கர் பாடமா என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை மூன்று நிலைக்கும் திருப்பிக் காட்டினார். மூன்றும் சரி.

வெளியே சாப்பாட்டுப் பையோடு நின்ற அக்கா, தன் புருஷனுக்குப் பரிந்துகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பறப்பவள் அவள். "கூடப் பொறந்தவளுக்காகக் கொஞ்சம் கண்டுக்காம விடக்கூடாதாடீ?"

வாதாட இவளிடம் தெம்பில்லை. "ஏறி உக்காருக்கா. மேல போனதும் மாமாவுக்கு மயக்கம் வந்துடுச்சுன்னு வச்சுக்கோ. இடது டேங்க் காலி. வலதுக்கு மாத்து."

அக்கா சிரித்துக்கொண்டே குனிந்தாள். கைப்பிடியின் நீண்ட முனை பிடிப்பதற்கு. குட்டை முனைதான் நிலையைக் காட்டும். அவள் நீண்ட முனையை வலது டேங்கின் பக்கம் திருப்பினாள். குட்டை முனை நேர் எதிரே, மூடும் இடத்தில் போய் நின்றது.

"சரிதானே?"

மாமாதான் பதில் சொன்னார். "இஞ்சினை அணைச்சுட்டே." குரல் இறங்கியிருந்தது.

அக்கா கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக அதன் பக்கத்தில் காலை நீட்டித் தூங்கியிருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் மெக்கானிக் புதுத் தகடு பொருத்தினார். செதுக்கிய எழுத்து, நல்ல சிவப்பு. கைப்பிடியின் குட்டை முனையிலும் அம்புக்குறி போட்டிருந்தார். பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். ஒருவழியாக முடிந்தது என்று நினைத்தாள்.

ஆனால் அந்த ஞாயிறு அக்கா ஏறவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. முதலில் இடுப்புவலி என்றாள், பிறகு வீட்டில் துணி கிடக்கிறது என்றாள். எல்லாம் சரியாகிவிட்டதே, போயேன் என்று இவள் போனில் கெஞ்சிப் பார்த்தாள்.

"இத்தனை நாள் ஒண்ணும் தெரியாம தூங்கினேன். இனிமே அதுல எனக்குத் தூக்கம் வராதுடீ," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஒரு மாதம் கழித்து விமானக் கொட்டகையில் மாமாவைப் பார்த்தாள். தனியாக எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"தகடு நல்லா இருக்கும்மா," என்றார். "பக்கத்து சீட்டுதான் காலியா இருக்கு."

அவள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அன்றைக்குப் பார்க்க இன்னும் இரண்டு விமானங்கள் பாக்கி இருந்தன.