மாமி தூக்கிய வாளி

மாசிப் பனியில் ரப்பர் மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தன. தொண்ணூற்றெட்டாம் வருஷம். நான் பாதித் தூக்கத்தில்தான் மரம் மரமாகப் போனேன். கத்தி பட்டையில் இறங்கும், பால் சிரட்டையில் சொட்டும், நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். எந்த மரம் வெட்டியாயிற்று, எது மிச்சம் என்பதே மறந்துபோகும். வயிற்றில் பிள்ளை தங்கினால் என் உடம்பு இப்படித்தான் மிதக்கும். ஏற்கெனவே இரண்டு முறை மிதந்திருக்கிறேன்.

இரண்டு முறையும் இரண்டாம் மாதமே, ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் தோட்டத்து வீடுகளான லயம் முழுக்கச் சொன்னோம். இரண்டும் தங்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே ஓய்ந்துபோனேன். இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். என் புருஷன் ரொபர்ட்டிடம்கூடச் சொல்லவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

ஆனால் வயிறு காட்டிக்கொடுக்கப் பார்த்தது. மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. எங்கள் லயத்தில் கக்கூஸ் கடைசி வீட்டுக் காம்பராவுக்கும் அப்பால். போகிறவர் தண்ணீர் கொட்டும் பீலியில் வாளியை நிரப்பிக்கொண்டு எட்டு வாசலைத் தாண்ட வேண்டும். யார் போனார்கள், யார் போகவில்லை என்பது எல்லோருக்கும் அத்துப்படி. என் மாமியார் தெரேசம்மா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து வாளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் டிஸ்பென்சரிக்குப் போய், பிள்ளைப்பேறு பார்க்கும் மர்லியா மிஸ்ஸியிடம் சொன்னேன்.

"பய வென்ன எப்பா," என்று சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார் மிஸ்ஸி. "பயப்படாத. புள்ள உண்டானா இப்படி இறுகும். தண்ணி நெறைய குடி, கீரை, பழம் சாப்பிடு. வந்தா அடக்கி வைக்காத. ரெண்டு மூணு நாள்ல சரியாகலன்னா வா, டாக்டர்கிட்ட கேட்டு பாணி மருந்து தாறேன். அது மெதுவாத்தான் எளக்கும், ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். ஒண்ணும் நடக்கலன்னு மேல மேல குடிக்கக் கூடாது. வலி, வாந்தி, ரத்தம் ஏதாச்சும்னா ஒடனே வரணும். கடையில பேதி மாத்திரை வாங்காத. வெளக்கெண்ணெய் வாயிலயே வைக்காத. கொடலோட சேத்துக் கர்ப்பப்பையையும் முறுக்கிவிடும்."

விளக்கெண்ணெய் என்றதும் என் தூக்கம் கலைந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் வீட்டில் எல்லோரும் பேதிக்குக் குடிப்போம். போன வருஷம், பிள்ளை இருக்கிற வயிறு சுத்தமாக இருக்கட்டும் என்று மாமி எனக்கும் ஊற்றிக்கொடுத்தார். நாலாம் நாள் பிள்ளை போயிற்று.

"அதனாலதானா மிஸ்ஸி?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இனி வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்ததும் மாமி எண்ணெயைச் சூடாக்கினார்.

"அஞ்சு நாளா இவ வாளியத் தொடல. எல்லாருமே குடிச்சிருவோம்," என்றார்.

ரொபர்ட் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான். அடுத்த டம்ளர் என் முன்னால் வந்தது. மேலே இஞ்சிக் கோப்பி வாசம், அடியில் எண்ணெய் வாசம். குடித்து முடிக்கும்வரை மாமி நகரமாட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வயிறுகூட எனக்கென்று இல்லையா?

"நான் குடிக்க மாட்டேன் மாமி. முழுகாம இருக்கேன். மூணு மாசம் முடிய ஏழு நாள் இருக்கு. வெளக்கெண்ணெய் கர்ப்பப்பைய முறுக்கும்னு மிஸ்ஸி சொன்னாங்க."

ரொபர்ட் சிரித்துக்கொண்டே எழுந்தான். மாமி சிரிக்கவில்லை. டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன வருசமும் நான்தானே குடுத்தேன்," என்றார்.

மிஸ்ஸி சொன்ன மிச்சத்தையும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரம் எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு.

மாமி எண்ணெயைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினார். ரொபர்ட் அன்று முழுக்க வாளியும் கையுமாக ஓடினான். மாமி எனக்கு நேரத்துக்கு நேரம் சுடுதண்ணி தந்தார், கீரை கடைந்தார், பழம் உரித்துக் கையில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது வெளிக்கு வருவதுபோல் வயிறு அசைந்தது. எழுந்து பார்த்தால் வாளியைக் காணோம். பீலியடியில் மாமி அதை நிரப்பிக்கொண்டு நின்றார்.

"நீ தூக்காத," என்று முன்னால் நடந்தார்.

மருமகளுக்கு மாமியார் வாளி தூக்கி எங்கள் லயம் பார்த்ததில்லை. எட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். கேட்காமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. என் ரகசியம் போயிற்று. பனிக்குள் மாமியின் முதுகும் தளும்பும் தண்ணீரும்தான் எனக்குத் தெரிந்தன. கனவில் யாரோ வழிகாட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. பயம் இருந்தது, கோபம் எங்கேயோ கழன்றுவிட்டது.

வாளியை உள்ளே வைத்துவிட்டு மாமி வெளியே நின்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து சொன்னேன்.

"மாமி, அதனாலதான் புள்ள போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். மிஸ்ஸி சொன்னாங்க."

வெளியே மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவசரப்படாத புள்ள," என்றார் மாமி. "நான் இங்கதான் நிக்கிறேன்."