நெட்டு தீந்துபோச்சு

எனக்கு வாய் ஜாஸ்தி, காது கம்மி என்று என் மனைவி ராதிகா சொல்வாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தாங்களே டீயைக் கொட்டிவிட்டு, "தானாவே நின்னுபோச்சு சார்" என்பார்கள். அதனால் யாரிடமும் எதையும் விசாரிப்பதில்லை. பொருளைப் பார்ப்பேன், வேலையை முடிப்பேன், அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

புதன்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் மாயவன் வந்தார். கல்வராயன் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உரச் சாக்கை வெட்டித் தைத்த பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜையில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் அரசு இலவசமாகக் கொடுத்தது.

"பையனுதுங்க சார். எட்டு வருசம் ஆச்சு. எல்லாம் ஓடுது, நெட்டு மட்டும் வரமாட்டேங்குது."

கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் வைஃபை கார்டு செத்துப்போயிருந்தது. அந்த மாடலுக்கு இனிமேல் பார்ட்ஸ் கிடைக்காது. யூஎஸ்பி துளையில் செருகுகிற வைஃபை டாங்கிள் ஒன்றை எடுத்தேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பக்கத்தில் எங்காவது வைஃபை இருந்தால் அதைப் பிடித்து லேப்டாப்புக்குக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. செருகி, என் கடை வைஃபையில் இணைத்து, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன். மகன் தமிழழகனுக்கு எவனோ ஒரு பிரவுசிங் சென்டர்காரன் விண்ணப்பத்தில் வேறு படிப்பை அமுக்கிவிட்டானாம். பையன் படிக்காமலே கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டான்.

"இப்ப பொண்ணு கோகிலவாணிக்கு நர்சிங்குங்க. காலேஜ் பேரெல்லாம் வரிசையா நெட்டுல போடணுமாம். நீ எவன் கடைக்கும் போவ வேணாம், வூட்லயே குந்திக்கினு உங்கையால போடு, நெட்ட நான் கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்தேன். இதுல நெட்டு வருதுங்களா?"

"வருதே, கண்ணால பாக்கல?" என்றேன்.

உங்கள் ஊரில் டவர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் அன்றைக்கே மகளைக் கையோடு அழைத்து வந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார், மகளோடு. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் டாங்கிள் இருந்தது.

"சார், இதுல இருந்த நெட்டு தீந்துபோச்சுங்க."

"இன்னாது?"

"இங்க நல்லா ஓடிச்சுங்களே. வூட்ல போட்டா ஒண்ணும் வரல. நீங்க பாட்டு போட்டுக் காட்டினீங்களே, அதுலயே தீந்துபோச்சோ என்னமோ. குத்தமா சொல்லலீங்க. கொஞ்சம் ரொப்பிக் குடுங்க."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகுதான் உறைத்தது. நெட்டு போடுகிறோம், நெட்டு தீந்துபோச்சு என்கிறோம், மறுபடி போடுகிறோம். எண்ணெயைப் பற்றிப் பேசுவதுபோலத்தானே எல்லோரும் பேசுகிறோம்? அவர் நம் பேச்சை நம்பியிருக்கிறார்.

"அப்படி இல்லீங்க, இது வந்து..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பா, கெழங்கு மூட்டைய படியிலயே வச்சிட்டியே," என்றாள். அவர் அடடா என்று வெளியே போனார்.

"அண்ணா, சொல்லிடாதீங்க," என்றாள் அவசரமாக. "பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிச்சி, இதுல ஒண்ணும் இல்லன்னு. அன்னிக்கு அப்பா கடைசி பஸ்ஸுலதான் வந்திச்சி. மறுநாள் மழையில பஸ்ஸே வரல. பக்கத்து வூட்டு போன வாங்கிக்கினு பாறை மேல ஏறி நின்னேன். பக்கம் தெறக்காம சுத்திக்கினே இருந்திச்சி. அஞ்சு மணிக்கு மூடிட்டாங்க."

"எத?"

"காலேஜ் பேரு போடுறத. நேத்துதாண்ணா கடைசி நாளு."

என்னால் உட்கார முடியவில்லை. "அப்பாவுக்குத் தெரியாதாம்மா?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்குதுன்னு சொல்லியிருக்கேன். நேத்தெல்லாம் இத கையில வச்சிக்கினு, நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டுக்கினே இருந்திச்சி. அண்ணன் போனப்பவே அது பாதி ஆளாயிடுச்சி. திங்கக்கெழம திருப்பூர் மில்லு வேலைக்கு ஆள் ஏத்திக்கினு போற வண்டி வருது. ஏறுறப்ப நானே சொல்லிக்கிறேன்."

மாயவன் மூட்டையோடு உள்ளே வந்தார். மரவள்ளிக்கிழங்கு. மண் போகக் கழுவித் துடைத்திருந்தது. "எங்க கொல்லையில வெளஞ்சதுங்க. ரெண்டாந்தடவ தொந்தரவு குடுக்கறோம், வெறுங்கையோட எப்பிடி வர்றது?"

டாங்கிளை வாங்கி என் கம்ப்யூட்டரில் செருகினேன். அதன் சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"ஏறுது பாப்பா, பாரு," என்று குனிந்து காட்டினார். பிறகு என்னிடம், "நல்லா அமுக்கி ரொப்புங்க சார். மலை ஏறிப் போவணும். இந்த வாட்டி வழியில தீந்துடக் கூடாது," என்றார்.

"செரிங்க," என்றேன். பத்து நிமிடம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. அவர் மூச்சுவிடக்கூடப் பயந்ததுபோல அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்ணா. எடுத்துக் குடுங்க," என்றாள் கோகிலவாணி. டப்பாவைத் திறந்து பஞ்சை ஒதுக்கிப் பிடித்தாள்.

அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, மேலே உள்ளங்கையால் மூடிக்கொண்டார். படி இறங்கும்போது, "போனதும் மொத வேலையா போட்டுடு பாப்பா," என்றார்.

"செரிப்பா," என்றாள்.