டோனட்டின் கதவு

“கடிச்சதோட நிக்கல ராய்ஸ். விடவே மாட்டேன்னுடுச்சு. வளையல் மாதிரி கையைச் சுத்திக்கிட்டு என்னை முழுங்கப் பார்த்துச்சு.”

“உன்னையா? உன் கட்டைவிரலை முழுங்கவே அது நாள் முழுக்கப் பாடுபடணும்.”

“சிரி, நல்லாச் சிரி. நீ நெப்ராஸ்கா ரோட்டுல காபி குடிச்சுக்கிட்டு இருந்தப்ப, நான் இங்க குழாயைத் திறந்துவிட்டு, பச்சைத் தண்ணியில கையைக் காட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு நின்னேன்.”

“அம்மா அழல,” என்றாள் ஹேட்டி சோபாவில் இருந்தபடி. “கெட்ட வார்த்தைதான் சொன்னாங்க. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

ராய்ஸ் வாய்விட்டுச் சிரித்தான். அவன் பூட்ஸிலிருந்து உருகிய பனி சமையலறைத் தரையில் சின்னக் குளமாகத் தேங்கியிருந்தது. சற்று முன்புதான் லாரியைப் பெரிய சாலையோரம் நிறுத்திவிட்டு, இரு கையிலும் பைகளோடு வீட்டுக்குள் வந்திருந்தான். மாதத்தில் இரண்டு தடவை, வெள்ளி மாலை வந்து ஞாயிறு கிளம்புகிற அப்பா அவன். டயர் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் எங்கெங்கோ கடைகளில் நின்று மகளுக்கு ஏதாவது வாங்காமல் வரமாட்டான். இன்றைக்கு ஒரு குதிரைப் பொம்மை விளக்கும், உரோமம் வைத்த தொப்பியும். கதவு திறந்த சத்தம் கேட்டு ஓடி வந்த ஹேட்டியின் கண்கள் முதலில் போனது அவன் கைகளுக்குத்தான். முகத்துக்கு அப்புறம்தான் வந்தன. எங்கோ லேசாக முள் தைத்தது போல இருந்தது அவனுக்கு. மனைவி டார்லாவின் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டான்.

கடித்தது டோனட். அரை ஆள் நீளமுள்ள ஆப்பிரிக்க மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும் சாது இனம். ஆங்கிலத்தில் ‘பால் பைதான்’, அதாவது பந்துப் பாம்பு, என்று பெயர் வந்ததே அதனால்தான். விஷம் கிடையாது. ஹேட்டி பிறப்பதற்கு முந்தைய வருஷம் ராய்ஸ் ஆசையாக வாங்கிவந்தான். தோளில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்ப்பான். பிறகு லாரி வேலை வந்தது. கண்ணாடிப் பெட்டியை மனைவியிடம் ஒப்படைத்தபோது அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “வியாழக்கிழமை ஒரு எலி. அவ்வளவுதான்.”

டார்லா பாம்பைக் கண்டால் நடுங்குகிறவள். இருந்தாலும் ஒரு வியாழன் தவறவில்லை. ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலங்களுக்குக் கீழே கிடக்கும் எலியை எடுத்து, பிளாஸ்டிக் பையோடு வெந்நீரில் போட்டு இளக்கி, நீள இடுக்கியால் பிடித்துப் பெட்டிக்குள் நீட்டுவாள். டோனட் பாய்ந்து கவ்வும். கதவைச் சாத்திவிட்டு மூச்சு விடுவாள். மற்ற நாட்களில், அது பொந்துக்குள் தூங்கும்போது, நுனிவிரலால் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவதோடு சரி. ஹேட்டி தொடவே கூடாது என்று உத்தரவு.

நேற்று எலியை இளக்கிய கையைக் கழுவாமலே, தண்ணீர் வற்றிக் கிடக்கிறதே என்று பெட்டிக்குள் விட்டுவிட்டாள். எலி வாசமும் கைச்சூடும் சேர்ந்து வந்தால் பாம்பு என்ன நினைக்கும்?

“நாளைக்கு மத்தியானம் பாம்புக் காப்பகத்துல இருந்து ஒரு அம்மா வராங்க,” என்றாள் டார்லா. “டோனட்டைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

ஹேட்டி எழுந்து நின்றாள். அம்மா போன் பேசியதை அவள் காலையிலேயே கேட்டிருந்தாள். அப்பா வந்து தடுப்பார் என்றுதான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அங்க ஏற்கெனவே இடமே இல்லையாம்பா. குட்டியா இருக்கிறப்ப வாங்கிட்டு, வளர்ந்ததும் கடிக்குதுன்னு எல்லாரும் அங்க கொண்டு போய் விட்டுடுறாங்களாம். அலமாரி டிராயர்ல அடுக்கி வச்சிருக்காங்களாம், சாக்ஸ் மாதிரி.”

“நான் என்னடி பண்ணட்டும்? எனக்குப் பயமா இருக்கு.”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க,” என்று ராய்ஸ் சட்டைக் கையை மடக்கினான். “அது என் பிள்ளை. என் கையை மறக்காது.”

கூடத்து மூலையில் விளக்கெரியும் பெட்டி. ராய்ஸ் கதவை நகர்த்தினான். டோனட் மெல்லத் தலையை நீட்டியது. காபிப்பொடியும் வெண்ணெயும் கலந்தாற்போன்ற நிறம். நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. கழுத்து பின்னால் மடிந்து, வில் போல இறுகி, அசையாமல் நின்றது.

“டேய் டோனட்டு... அப்பா வந்திருக்கேன்டா...”

அடுத்த நொடி அவன் கை வெளியே இருந்தது. சட்டைக் கை மடிப்பில் ஈரமாக ஒரு பல்தடம். மயிரிழையில் தப்பினான்.

“பிள்ளை நல்லாத்தான் வரவேற்குது,” என்றாள் டார்லா.

ராய்ஸின் முகம் சுருங்கிவிட்டது. லாரிக்காரர்கள் எல்லாரிடமும் காட்டுவதற்கு அவன் போனில் ஒரு படம் வைத்திருக்கிறான். தொட்டிலில் குழந்தை ஹேட்டி, குனிந்து பார்க்கும் அவன், அவன் தோளில் டோனட்.

“அப்பா, அப்பல்லாம் நீ எப்படித் தூக்குவ?”

“எப்படின்னா... சும்மா கொக்கியால ஒரு தட்டு...” பாதியில் நிறுத்தினான். “கொக்கி! டார்லா, அந்தக் கொக்கி எங்க?”

“எந்தக் கொக்கி? என்கிட்ட எப்ப நீ கொக்கியைப் பத்திச் சொன்ன?”

அவன் சொல்லவே இல்லை. பெட்டியை ஒப்படைத்த அன்றைக்கு அது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவும் மகளும் கராஜில் நுழைந்து, பனி அள்ளும் மண்வெட்டிகளுக்குப் பின்னால் இருந்து கொக்கியைத் தேடி எடுத்தார்கள். நீளமான கம்பி, நுனி மட்டும் வளைந்தது. துரு ஏறியிருந்தது. ஹேட்டி துடைத்தாள். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள்.

“நான்தான் தூக்குவேன்,” என்றாள்.

“முடியவே முடியாது,” என்றாள் டார்லா.

“அம்மா, மத்தியானம் அது போயிடும். இப்ப தொடலேன்னா அப்புறம் எப்பவுமே இல்ல.”

டார்லா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சோபாவின் பின்னால் போய் நின்றாள். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

ராய்ஸ் கதவை நகர்த்தினான். அதே தலை, அதே வில். “இப்ப அது சாப்பாடுன்னு நினைக்குது. தலைகிட்டப் போகாத. நடு உடம்புல கொக்கியால மெதுவா ஒரு தட்டு. தோழியைக் கூப்பிடுற மாதிரி.”

ஹேட்டி தொட்டாள். டோனட் திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. இன்னொரு தடவை. கொக்கியால் முதுகை மெல்ல வருடிவிட்டாள். இறுகியிருந்த கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நாக்கு மறுபடி மறுபடி வெளியே வந்தது. எலி இல்லை. வேறு என்னமோ என்று அது யோசிப்பது போலிருந்தது.

“இப்ப. பக்கவாட்டுல இருந்து. அடியில கை கொடு.”

அந்தக் கனத்தை ஹேட்டி எதிர்பார்க்கவில்லை. குளிர்ச்சியும் இல்லாமல் சூடும் இல்லாமல், உயிருள்ள ஒரு கயிறு அவள் மணிக்கட்டைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. இறுக்கவில்லை. ஸ்வெட்டர் கைக்குள் தலையை நுழைத்து, அங்கேயே இருந்துவிட்டது.

“கூச்சமா இருக்கு,” என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

டார்லா சோபாவுக்குப் பின்னாலிருந்து எப்போது வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒற்றை விரலை நீட்டி, டோனட்டின் வால்பக்கம் தொட்டாள். எடுத்தாள். மறுபடி தொட்டாள். “இத்தனை வருஷத்துல இதை நான் தொட்டதே இல்ல,” என்றாள்.

“உன் மேல தப்பில்ல,” என்றான் ராய்ஸ். “இதுக்கு மூர்க்கமும் இல்ல. சோறு போட மட்டும் கதவைத் திறந்தா, வர்ற கையெல்லாம் அதுக்குச் சோறாத்தானே தெரியும்? சோறு போடுறது மட்டும் வளர்க்கிறது ஆகாது. ஒண்ணுமே கொண்டு வராத கையும் உள்ள வரணும்.”

சொல்லி முடித்ததும் அவன் பார்வை திரும்பியது. சோபாவின் ஓரத்தில் நேற்று கொண்டுவந்த பைகள் கிடந்தன. குதிரை விளக்கு பெட்டியிலிருந்து இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை. டார்லா பைகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.

“ஹலோ, நான் டார்லா. மத்தியானம் வர்றதாச் சொன்னீங்களே... இல்லைங்க, வேண்டாம். பாம்பு நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குத்தான் தெரியல. ஆமா, வீட்டுலயே இருக்கட்டும்.”

ஹேட்டி டோனட்டின் முதுகில் முத்தம் கொடுக்கப் போய், அப்பா முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள். ராய்ஸ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“நேத்து நான் உள்ள வந்தப்ப நீ முதல்ல என் கையைத்தான் பார்த்த, தெரியுமா?”

ஹேட்டியின் காது சிவந்தது. “நீ எப்பவும் ஏதாவது வச்சிருப்பியே, அதான்.”

“அதான். அந்தப் பழக்கத்தை உனக்கு உண்டாக்கினது நான். பொருள் வாங்கிக் கொடுத்தாப் போதும், அப்பாவா இருந்தாச்சுன்னு நினைச்சுட்டேன். எலி போட்டாப் பாம்பு வளர்த்தாச்சுன்னு நினைச்ச மாதிரியேதான்.”

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. லாரிக் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமைச் சுமையைப் பற்றித்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை. அணைக்கவும் இல்லை. ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து டோனட்டின் தலை எட்டிப் பார்த்தது.

“இதுக்குப் பசிக்காதாப்பா?”

“அடுத்த வியாழன் வரைக்கும் தாங்கும். பெரிய பாம்பு.”

ஹேட்டி கொஞ்ச நேரம் அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, அவன் கைகளைப் பார்க்காமல், நேராக முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா, வியாழக்கிழமை நான்தான் எலி கொடுக்கப் போறேன். இடுக்கியை எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் போகாம இங்கயே இரேன்பா. எனக்கு ஒண்ணும் வாங்கித் தர வேண்டாம். இருப்பியா?”