இத்தாலியில் தாய்மாமன் இல்லை

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சமூக அக்கறை, அது இது என்று உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. என் தங்கை கனகா, மார்க்கோ என்ற இத்தாலிக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். மூன்று வயது மகன் நிக்கோவுக்குக் காது குத்த, சேவுகம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு வந்தாள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் நான்.

2
முதல் தொடக்கம்: நிலக்கோட்டை மல்லிகையின் மணம் காற்றில் மிதந்து... (வேண்டாம். அன்று மணத்தது மொட்டைத் தலைகளில் பூசிய சந்தனம்.)

இரண்டாவது தொடக்கம்: நிக்கோவை என் மடியில் வைத்தார்கள். வீறிட்டான். துள்ளி இறங்கி, "ஸியோ! ஸியோ!" என்று ஓடிப்போய் பாவ்லோவின் மடியில் ஏறிக்கொண்டான்.

பாவ்லோ, மார்க்கோவின் ஃபிரதெல்லோ. அண்ணனா தம்பியா என்பது அந்தச் சொல்லில் கிடையாது. கனகாவே யோசித்துத்தான் சொன்னாள், மூத்தவராம்.

3
ஸியோ* என்றால் பெரியப்பா. சித்தப்பாவும் அதுதான். என்னைப் போன்ற தாய்மாமனும், கடவுளே, அதுதான்.

(*அத்தை வீட்டுக்காரரும் அதேதான். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாடே கல்யாணம் காட்சி நடத்துகிறது.)

"ஏம்மா, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றேன் அம்மாவிடம்.

"இருக்குடா. பிள்ள அழுகுறான்ல?"

"ரெண்டு வருசமா அவருதாண்ணே இவனப் பால்வாடிக்குத் தூக்கிட்டுப் போறாரு," என்றாள் கனகா. "நீ போன்லதான பாத்திருக்க."

அது வலித்தது.

4
பாவ்லோவை வில்லனாக்கிப் பார்த்தேன். பாவ்லோ கொடூரமாகச் சிரித்தா— (எடுபடவில்லை. வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டியிருந்த மனிதர், நகர்ந்து எனக்குப் பாதி பெஞ்சு கொடுத்தார்.)

முடிவு அ: பிள்ளையைப் பிடுங்கி மடியில் வைத்து அழ அழக் குத்துகிறோம். முறை காப்பாற்றப்படுகிறது. நிக்கோ இருபது வருஷம் என் போனை எடுப்பதில்லை.

முடிவு ஆ: அம்மா சொல்கிறாள், "பாவ்லோவும் எனக்கு ஒரு மகன்னு வச்சுக்கிருவம். அப்ப அவனும் தாய்மாமன்தான?" அப்படியானால் அவருடைய தம்பி மார்க்கோவும் அம்மாவுக்கு மகன், கனகாவுக்கு அண்ணன்! காது குத்த வந்த இடத்தில் கல்யாணம் கலைந்துவிடும்.

முடிவு இ: பாவ்லோ மடியில் நான், என் மடியில் நிக்கோ. (பெஞ்சு தாங்காது.)

5
"செத்த வெரசா முடிவு பண்ணுங்க அப்பு. நிலக்கோட்டைல இன்னும் ரெண்டு காது காத்திருக்கு," என்றார் ஊசியோடு நின்ற ஆசாரி முனியப்பன்.

கனகா நிக்கோவைத் தூக்கி எங்கள் இருவருக்கும் எதிரே நிறுத்தினாள். நான் மடியை விரித்துக்கொண்டேன். எத்தனையோ பரிசுக்குக் கதை அனுப்பியிருக்கிறேன், இப்படிப் பயந்ததில்லை. நிக்கோ அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையை நீட்டினான்.

அடுத்த வாக்கியத்தை நான் எழுத மாட்டேன். கை எந்தப் பக்கம் வந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தாய்மாமனாக இருப்பவர்கள் மட்டும் எழுதினால் போதும்.