பலகையில் கடைசிப் பெயர்

மருதனார்மடம் சந்தியில் என் கடைக்கு நேரெதிரே நிரோஜினியின் கடை. அவளுடைய பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதில் இருப்பதெல்லாம் இவ்வளவுதான்: 'வறுத்த மிளகாய்த்தூள். வெளிநாடு கொண்டுபோக, மணம் வராமல் கட்டித் தரப்படும்.' அதற்கே சனம் வாடகை வான் பிடித்து வந்து இறங்குகிறது.

என் பலகையில் இருபத்திரண்டு பெயர்கள். பனங்கிழங்கு ஒடியல் மாவில் தொடங்கி பனம்பழப் பினாட்டு, வடகம், தையல், போட்டோக் கொப்பி என்று போய், கடைசியில் ஆணிக்குப் பக்கத்தில் மிளகாய்த்தூள். அவள் முகநூலில் ஒரு படம் போட்டால் நான் இரண்டு போடுவேன். அவள் நோட்டீஸ் அடித்தால் நான் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி உடுவில் ஊர் முழுக்க அலற விடுவேன். இருபத்திரண்டையும் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டோ அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும்.

"இந்த ஆவணியோடை கடை எழும்பாட்டால் பூட்டுவம், ஜெயகௌரி" என்று என் கணவர் சுரேஸ் சொல்லிவிட்டார். நான் ஆஞ்சநேயரிடம் போய், என் கடை போனாலும் பரவாயில்லை, அவள் கடை போகவேண்டும் என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

போன கிழமை கனடாவிலிருந்து சுரேசின் தங்கை நிஷானி வந்தாள். வந்தவள் எதிர்க்கடையில் ஐந்து கிலோ தூள் வாங்கிக்கொண்டுதான் என் கடைக்குள் நுழைந்தாள். என் முகம் கறுத்துவிட்டது.

"நீங்களும் தூள் விக்கிறனீங்களோ மச்சாள்? எனக்குத் தெரியாது. உதை மணந்து பாருங்கோ, ரொறன்ரோவிலை எங்கடை ஆக்கள் உதுக்குத்தான் அடிபடுகினம்."

ஒரு பொதியைப் பிரித்து மணந்தேன். முறுகிய கறிவேப்பிலை. நாக்கில் வைத்தேன், கொஞ்சம் பிந்தி மிளகு உறைத்தது. மிளகு ஒரு பிடி கூடுதலாகப் போடுகிறவள் நான் மட்டும்தான்.

கரவெட்டி அருட்பிரகாசம் அண்ணை கிழமைதோறும் என்னிடம் தூள் வாங்குவார், ஒரு சாக்கு நிறைய. கலியாண வீட்டுச் சமையலுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை வந்தவரை மறித்தேன்.

"அண்ணை, உது ஆருக்கு?"

அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "என்ரை பெறாமகள், தம்பியின்ரை மகள் நிரோஜினிக்குத்தான் பிள்ளை. உன்ரை தூளுக்குக் கிட்ட ஒண்டும் வராதாம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் தூளை அவள் முதலில் வைத்தாள், நான் கடைசியில் வைத்தேன்.

"இனி உங்களுக்குத் தூள் இல்லை அண்ணை" என்றேன்.

அன்று மத்தியானமே பலகை எழுதும் தேவராசாவைக் கூப்பிட்டு இருபத்தொரு பெயரையும் அழிக்கச் சொன்னேன்.

"மிஞ்சினதை எவ்வளவு பெரிசா எழுத, அக்கா?"

எதிர்க்கடையைக் காட்டினேன். "உவளின்ரையை விட ஒரு சாண் பெரிசா."