செத்ததாகச் சொன்ன பம்ப்

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. போட்டவன் நான்தான். காரின் பின்பக்கம் கியர் பெட்டியின் எண்ணெய்க் குழாயில் ஒருவன் கை வைத்திருந்தால், ஓட்டுநர் பக்கக் கதவின் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்க வேண்டும். துணி இருக்கும்வரை அந்தக் கதவை யாரும் தொடக்கூடாது. கடவுளே வந்தாலும் ஓரமாக நிற்கட்டும் என்று சொல்வேன்.

எங்களிடம் வரும் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் கிளட்ச் மிதி கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தகடுகளை விரலால் இழுத்தால் கியர் தானாக மாறும். மாற்றுவது எண்ணெயின் அழுத்தம். அதைக் கொடுப்பது காப்பித்தூள் டப்பா அளவில் ஒரு மின்சார பம்ப். காரை வடிவமைத்த புண்ணியவான்கள், முதலாளி உட்காரும்போதே எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று, கதவைத் திறந்த உடனே பம்ப் ஓடும்படி வைத்துவிட்டார்கள். சாவிகூட வேண்டாம். ஐந்தாறு நொடியில் டயரில் இருப்பதைப்போல் இருபது மடங்கு அழுத்தம் குழாயில் ஏறி நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாம்தான். கழற்றினால் காரின் கம்ப்யூட்டர் பழகியதையெல்லாம் மறந்துவிடும். திரும்பப் பழக்க அரை நாள் ஆகும். எங்கள் ஊர் ஃபொர்மிஜினேயிலிருந்து மோதெனா நகரம்வரை எந்தப் பட்டறையிலும் அந்த அரை நாளைக் கொடுக்க மாட்டார்கள். நாங்களும் கொடுப்பதில்லை, துணி கட்டினோம்.

நாங்கள் என்றால் நானும் எர்மெஸும். என் தங்கை நோர்மாவின் கணவன். இருவருக்கும் ஒரே வயது, பட்டறையில் ஆளுக்குப் பாதி. அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்பிள்ளை என்பேன். கைவேலையில் அவனுக்கு நான் உறை போடக் காணமாட்டேன். ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் போலோன்யாவில் ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. குழாய் கழற்ற எனக்கு வகுப்பா என்று அவன் வரவில்லை. நான் போனேன். அங்கே ஒரு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போனால் ஊசிமுனை அளவு ஓட்டைதான் தெரியும். ரத்தம் வராது, வலியும் பெரிதாக இருக்காது. எண்ணெய் உள்ளே நரம்போடு நரம்பாக மேலே ஏறிச் சதையை அழுகவைக்கும். ஆறு மணி நேரத்துக்குள் கீறிக் கழுவ வேண்டும். தாண்டினால் விரல் போகும், சில பேருக்குக் கையே போகும். திரும்பி வந்த அன்றே துணிச் சட்டத்தைப் போட்டேன்; டாக்டர் சொன்னதை எர்மெஸ் காது கொடுத்துக் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் நான் பின்னால் வேலையாக இருந்தபோது, துணி தொங்கிக்கொண்டிருந்தும் எர்மெஸ் கதவைத் திறந்தான். ரேடியோவைக் கூட்டுவதற்காம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, குழாயை இன்னும் தளர்த்தியிருக்கவில்லை. ஆனாலும் இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்க, அவனை நாராகக் கிழித்துவிட்டேன். அறிவு கெட்டவன் என்றேன், என் கையைப் பறிக்கப் பார்க்கிறாயா என்றேன். அவன் காது இரண்டும் சிவந்து போயின. அன்று அவனைத் திட்டியது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. நோட்டரி வக்காரியின் மஞ்சள் கார் இழுவை வண்டியில் வந்து இறங்கியது. சாஸுவோலோ ரவுண்டானாவில் முதல் கியரிலேயே மாட்டிக்கொண்டு, பின்னால் பத்து லாரிகள் ஹாரன் அடிக்க நின்றதாம். ஞாயிறன்று மலைப்பாதையில் பழைய கார்க்காரர்கள் கூட்டம், அதற்குள் வேண்டும் என்று தலைமேல் நின்றார். காரைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, பின் இடது சக்கரத்தைக் கழற்றி, உள்மறைப்பை எடுத்தோம். எர்மெஸ் என்னைக் கதவைத் திறந்து பார்க்கச் சொன்னான். திறந்தேன். பம்ப் மூச்சு விடவில்லை. ஸ்பானரின் பிடியால் அதைத் தட்டினான். இந்த பம்புகளின் உள்ளே மின்சாரம் கொடுக்கும் கரிக்கட்டைகள் தேய்ந்தால், தட்டும்போது சில சமயம் ஓடும். மூன்று தடவை தட்டினான், மூன்று தடவையும் நான் கதவைத் திறந்து மூடினேன். ஒன்றுமில்லை.

"செத்துப்போச்சு மச்சான்," என்றான். "பாதிரியாரக் கூப்பிட்டு அடக்கம் பண்ணிடலாம்."

புது பம்பும், அதற்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் புது ரிலேயும் எங்களிடம் இருந்தன. ரிலேயை மாற்றாமல் பம்பை மட்டும் மாற்றுகிறவன் மடையன். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புது பம்ப் ஓய்வில்லாமல் ஓடி ஒரே வாரத்தில் எரிந்துவிடும். எர்மெஸ் கதவில் துணியைக் கட்டினான். செத்த பம்புக்கு எதுக்குத் துணி என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினான், ஏப்ரல் மாதம் அவன் மனதில் இருந்தது. குழாயில் தேங்கியிருந்த அழுத்தத்தை வடிகால் திருகு வழியாக இறக்கினான். பம்பின் மின் இணைப்பு குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது, குழாயை எடுத்தால்தான் அதற்குக் கை எட்டும். முக்காலியைப் போட்டுச் சக்கரம் இருந்த குழிக்குள் தலையை விட்டான்.

அப்போது நோட்டரிக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. படிக்கும் கண்ணாடி, காருக்குள் இருக்கிறதாம், அது இல்லாமல் போனில் வந்த செய்தியைப் படிக்க முடியவில்லையாம். பொறுங்கள் என்றேன். இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது தடவை, வெறும் கண்ணாடிதானே என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. துணி என் கண் முன்னால்தான் தொங்கியது. பம்ப்தான் செத்துவிட்டதே, இனி கதவு திறந்தால் என்ன, மூடினால் என்ன என்று நினைத்தேன். பிடியோடு துணியையும் சேர்த்து இழுத்துக் கதவைத் திறந்தேன்.

குனிந்து இருக்கைகளுக்கு நடுவில் கை விட்டபோது உள்ளங்கையில் ஒரு அதிர்வு. காற்றுக் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்ததால் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கைக்குத் தெரிந்தது. எர்மெஸ் குழாயைத் திருகிய ஆட்டத்தில் அந்தக் கரிக்கட்டை எங்கோ போய்ப் படிந்திருக்க வேண்டும். செத்த பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை, கையை எடு என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அவன் ஆவென்று கத்தும் சத்தம் வந்தது.

கதவை மூடிவிட்டு நான் போய்ப் பார்த்தபோது பம்ப் மறுபடி நின்றிருந்தது, அவன் கையுறையைக் கழற்றி இடது ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நுனியில் ஒரு புள்ளி. குழாயின் மேல் சுற்றியிருக்கும் கம்பிப் பின்னலில் ஒரு இழை பிரிந்து குத்திவிட்டது என்றான். அழுத்தத்தைத்தான் அவன் கையாலேயே இறக்கிவிட்டானே, வேறு என்ன நினைப்பான். சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். பக்கத்தில் நோட்டரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் போகட்டும், போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் போனார், நான் சொல்லவில்லை. சொன்னால் ஏப்ரலில் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் அவன் எனக்குத் திருப்பிக் கொடுப்பான். அவ்வளவுதான் காரணம். இதைவிடக் கேவலமான காரணம் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டரைக்கு வழக்கம்போல் சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வேகவைத்த மாட்டிறைச்சியும் பச்சைச் சட்டினியும், ஆளுக்குக் கால் லிட்டர் லம்புருஸ்கோ ஒயினும். அவன் இடது கையில் முள்கரண்டி நிற்கவில்லை, இரண்டு தடவை தட்டில் விழுந்தது. விரல் மெழுகு நிறத்தில் இருந்தது.

"மாப்ள, ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிட்டு வந்துரலாமே," என்றேன்.

"குண்டூசி குத்துனதுக்கா? சிரிப்பாங்க. உன் போலோன்யா வகுப்ப இங்க ஆரம்பிக்காத சாமி. இந்தா, இதக் கொஞ்சம் வெட்டிக் குடு."

வெட்டிக் கொடுத்தேன். சின்னச் சின்னத் துண்டுகளாக, குழந்தைக்கு வெட்டுவதுபோல் வெட்டினேன். மணி ஒன்று ஆக ஐந்து நிமிடம் இருந்தது. மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கிருந்து மோதெனாவுக்குக் காரில் இருபது நிமிடம். நான் கதவைத் திறந்தேன், பம்ப் ஓடியது, உன் விரலுக்குள் எண்ணெய் இருக்கிறது என்று மூன்று வாக்கியம் சொன்னால் போதும். மூன்றும் என் நாக்கில் இருந்தன. காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

மதியம் மீதி வேலையை நான் செய்தேன். புது பம்பை மாட்டினேன், ரிலேயை மாற்றினேன், எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றினேன். கியர்கள் ஆறும் வெண்ணெய்போல் விழுந்தன. எர்மெஸ் முக்காலியில் உட்கார்ந்து கையை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தான். நாலு மணிக்கு விரல் வீங்கியது. ஐந்து மணிக்கு வலிக்கிறது என்றான். எர்மெஸ் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்குப் போனான். ஐந்தே முக்காலுக்கு நோர்மா போன் செய்தாள். கை மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது, வாந்தி எடுக்கிறார், என்ன செய்வது என்றாள். நான்தான் காரை எடுத்துக்கொண்டு போய் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். வழியிலும் நான் சொல்லவில்லை.

மோதெனா ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். விரல் நுனியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அழுத்தத்தில் இருந்த எண்ணெய், பெயிண்ட் மாதிரி எதிலாவது கை வைத்தீர்களா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். அழுத்தத்த நானே எறக்கிட்டுத்தான் கை வெச்சேன்," என்றான் எர்மெஸ். அந்த வலியிலும் அதைச் சொல்லும்போது அவன் குரல் நிமிர்ந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அவன் அழுத்தத்தை இறக்க மறந்ததே இல்லை.

அப்போதுதான் என் வாய் திறந்தது.

"அவன் எறக்குனது நெஜம். அப்புறம் நான் கதவத் தொறந்தேன். பம்ப் ஓடுச்சு. குழாய்ல அழுத்தம் இருந்துச்சு டாக்டர்."

எத்தனை மணிக்கு என்றார். பத்தேகால் என்றேன். காலையிலா என்று கேட்டார், கேட்டுக்கொண்டே போனை எடுத்துவிட்டார். ஆறரை ஆகியிருந்தது. நோர்மா என்னைப் பார்த்தாள். எர்மெஸ் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நாளில் மூன்று ஆபரேஷன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்தார்கள், உள்ளங்கையில் பாதிச் சதையும் போயிற்று. கட்டைவிரல் மடங்காது என்றார்கள். பதினோராவது நாள் என்னை உள்ளே வரச் சொன்னான். நோர்மாவை வெளியே போகச் சொன்னான்.

"கதவ விடு. கதவ நானும்தான் தொறந்தேன்," என்றான். "சாப்புடும்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வகுப்புல சொல்லிக் குடுத்தாங்களா, எத்தன மணி நேரம்னு?"

"ஆறு."

கண்ணை மூடிக்கொண்டான். கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது. நான் அழுதேன், மன்னித்துவிடு என்றேன், என்னென்னவோ சொன்னேன். போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொன்னான். பகல் பதினொரு மணி.

செப்டம்பரில் வேலைக்குத் திரும்பினான். அவன் பாதியை நானோ என் பாதியை அவனோ வாங்கும் நிலைமையில் இல்லை, இந்த வயதில் இருவரும் வேறு எங்கே போவது. இப்போது அவனுடைய இடது கை நான்தான். பிடி என்பான், விடு என்பான், திருப்பு என்பான். மச்சான் என்று அதற்கப்புறம் கூப்பிடவில்லை. நோர்மா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு என்னை அழைப்பதில்லை.

கையைப் பார்க்கிற வாடிக்கையாளர்கள் என்ன ஆயிற்று என்று கேட்காமல் இருப்பார்களா. முதலில் கேட்டது நோட்டரி வக்காரி. அன்று அவருக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுத்த அதே நேரத்தில்தான் நடந்தது என்று அவருக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்றேன். எர்மெஸ் என்னைத்தான் பார்த்தான், பார்த்துக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னான்.

"அழுத்தத்த எறக்க மறந்துட்டேன் சார். என் கவனக்கொறவுதான்."

பாவம், வயசாகிறதல்லவா என்று நோட்டரி அவன் தோளைத் தட்டினார். அதன் பிறகு கேட்கிற எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறான், என் முகத்தைப் பார்த்தபடியே சொல்கிறான். எர்மெஸ் மறதிக்காரன், அவனிடம் காரை விடாதீர்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் நிறுத்துவான், நான் ஏதாவது பேசுவேனா என்று. நேற்றோடு பதினேழு பேர் கேட்டுவிட்டார்கள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.