எல்மரின் லெவல் கிராசிங்

பகல் பன்னிரண்டு மணி அடித்ததும் ரயில் டிரைவர் லைலின் வேலை நேரம் முடிந்தது. டிரைவரானாலும் கார்டானாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலைத் தொடக் கூடாது; சட்டம் அப்படி. நூற்றுப் பத்து கோதுமை வேகன்களோடு அவன் ரயில் ஹார்லோ ஊரில், ரயில்கள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனில் நின்றது. அதே ஊரில் ஒரு மணிக்கு அவனுடைய அண்ணன் எல்மருக்கு அடக்கம்.

அடக்கத்தை வைத்துக்கொண்டு எவனாவது வேலைக்குக் கிளம்புவானா என்று கேட்கலாம். அது நள்ளிரவில் கிளம்பும் ஐந்து மணி நேர ஓட்டம். விடிந்ததும் வீட்டுக்கு வந்து, சவரம் செய்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நம்பினான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே எல்மர் சொல்லியிருந்தார்: "பெட்டிய தூக்கும்போது முன்பக்கம் இடது மூலை உனக்குத்தாண்டா. வேற எவனையும் விடாதே."

ஐந்து மணி நேரம் என்பது இரண்டு ரயில் கம்பெனிகள் ஒன்றாவதற்கு முந்திய பேச்சு. போன வசந்தத்தில் கல்யாணம் மாதிரித்தான் கொண்டாடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வந்ததும் முதல் வேலையாகப் பெண் வீட்டு அடுப்பை அணைத்தார்கள். கட்டுப்பாட்டு அறை தொள்ளாயிரம் மைல் தள்ளிப் போயிற்று. வேகன்களைப் பிரித்துக் கோக்கும் யார்டுகளில் பாதியை மூடினார்கள். மிச்ச யார்டுகளில் வேகன்கள் குவிந்து, ரயில்கள் வழி நெடுக நின்று நின்று வந்தன. ஹார்லோ லூப்பில் நீளமான ரயிலை நிறுத்தினால் ஊருக்கு இருக்கும் ஒரே லெவல் கிராசிங் அடைபடும் என்பது பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். புது வரைபடத்தில் லூப் இருந்தது, சாலை இல்லை; அங்கேயே நிறுத்தச் சொன்னார்கள்.

கிராசிங்குக்குத் தெற்கே தேவாலயம். வடக்கே கல்லறைத் தோட்டம்.

"மாத்து ஆளுங்க மூணு மணிக்குத்தான் வருவாங்களாம்," என்றாள் கார்டு யோலண்டா, ரேடியோவை வைத்துவிட்டு. அவள் மற்ற கம்பெனியிலிருந்து வந்தவள்.

"நடுவுல வேகன் கொக்கியைக் கழட்டி முன்னால இழுத்தா வழி கிடைச்சிரும். பத்து நிமிஷ வேலை," என்றான் லைல்.

"இஞ்சின் நகர்ந்தா அங்க ஸ்கிரீன்ல தெரிஞ்சிரும். ரெண்டு பேர் வேலையும் போயிரும். எங்க யார்டை மூடித்தான் என்னை இங்க விரட்டினாங்க. வீட்டுல மூணு பிள்ளைங்க." அவள் குரல் இறங்கியது. "ஆனா வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை, லைல். நீங்களே முடிவு பண்ணுங்க."

லைலுக்குப் பென்ஷனுக்கு இரண்டு வருடம் பாக்கி. இஞ்சின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான்.

"ரயிலை நான் பாத்துக்கறேன். நீங்க போங்க," என்றாள் அவள்.

சரளைக் கல்லில் ஒரு மைல் நடந்தான். கிராசிங்கை அடைந்தபோது, இரண்டு வேகன்களுக்கு நடுவே அந்தப் பக்கம் சவ வண்டி நிற்பது தெரிந்தது. கறுப்பு உடையில் அண்ணி பெர்னடீன் தண்டவாளம் வரை வந்து நின்றாள்.

"எந்த மடையன் கொண்டாந்து நிறுத்தினான் இதை?"

"நான்தான் அண்ணி."

"சரி, நீயா இருந்தது நல்லதாப் போச்சு. கழட்டு. முப்பது வருஷம் உங்கண்ணன் தண்டவாளத்து நடுப் பலகையை மாத்திப் பாத்துக்கிட்ட கிராசிங் இது."

"என் நேரம் முடிஞ்சிருச்சு அண்ணி. தொடக் கூடாது."

ரயில்காரன் பெண்டாட்டிக்கு விளக்க வேண்டியதில்லை. முடியாது என்பதற்கும் மாட்டேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். திரும்பி நடந்தாள். வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆற்றுப் பாலம் வழியாகச் சுற்றி வர இருபத்திரண்டு மைல், பாதிக்கு மேல் மண் சாலை.

லைல் குழியருகே போய்க் காத்திருந்தான். புல்லைப் பறித்துக் கையைத் துடைத்தான்; கிரீஸ் போகவில்லை. தன் இடத்தில் எல்மர் இருந்திருந்தால் கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கழற்றியிருப்பார். அதை நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. யாருமில்லாத இடத்தில் வாய்விட்டு அழுதான்.

இரண்டேகாலுக்குச் சேறும் சகதியுமாகச் சவ வண்டி வந்தது. ஓய்வுபெற்ற ரயில்காரர்கள் ஐந்து பேர் இறங்கிச் சவப்பெட்டியில் ஆளுக்கொரு பிடியைப் பிடித்தார்கள். முன்பக்கம் இடது மூலை காலியாக இருந்தது. லைல் ஓடிப்போய்ப் பிடித்தான்.

பெர்னடீன் பக்கத்தில் வந்தாள். அவன் விரல்களைப் பிடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"உனக்குத்தான் நேரம் முடிஞ்சிருச்சே. தொடாதே."

சவ வண்டியின் டிரைவர் வந்து அந்த மூலையைத் தூக்கினான். எல்மரை அவன் உயிரோடு பார்த்ததே இல்லை.